உன் அப்பாவைக் கரடி கடிக்கவில்லை

நலமா மகனே என்று கேட்டு ஆரம்பிக்க எனக்கு இஷ்டமில்லை. போன ஞாயிற்றுக்கிழமை ஜீப்பின் முன்சீட்டில் உன் வருங்கால மாமனாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கையை வெளியே நீட்டி டாட்டா காட்டிக்கொண்டு மலையிறங்கினாயே, அப்போதே பார்த்துவிட்டேன், நீ நன்றாகத்தான் இருக்கிறாய். நன்றாக இல்லாதது இங்கே நாங்கள். அன்றிலிருந்து எனக்கு வயிறு எரிந்துகொண்டே இருக்கிறது. பால்வாடியில் பிள்ளைகளுக்குச் சத்துமாவு கிண்டும்போதும் எரிகிறது, வீட்டில் சாமை புடைக்கும்போதும் எரிகிறது. அன்றைக்கே கேட்டிருப்பேன். வந்தவர்கள் எதிரில் ரகளை வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன், அவ்வளவுதான். இப்போது எழுதுகிறேன். உறையில் போட்டு ஒட்டும் முன் இதைப் பால்வாடி வாசலில் ஊரைக் கூட்டி உரக்கப் படிக்கப் போகிறேன். ஆகவே இது உனக்கு மட்டும் எழுதியது, மடித்து டிரங்குப் பெட்டிக்கு அடியில் போட்டுவிடலாம் என்று நினைக்காதே.

அன்று நடந்தது உன் ஞாபகத்தில் எப்படி இருக்கிறதோ தெரியாது, என் ஞாபகத்தில் இருப்பதைச் சொல்கிறேன். கணியம்பாடியிலிருந்து பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க முதல் தடவையாக உன்னோடு மலையேறி வருகிறார்கள். ஜீப் ஓடைக்கு அந்தக் கரையிலேயே நின்றுவிட்டது. ஐப்பசி மழை, ஓடையில் தண்ணீர் புரண்டு ஓடுகிறது. ஊருக்குள் வர இருப்பது ஓடைக்குக் குறுக்கே கிடக்கிற அந்த ஒற்றைப் பலகைக் கல் ஒன்றுதான். நானும் உன் அப்பாவும் இந்தக் கரையில் அவர்களை அழைக்க நிற்கிறோம். அந்தப் பெண் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கல்லின் மேல் கால் வைத்தாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவளாகவே கழற்றினாள். அப்போதே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. அவள் அப்பா, உரக்கடைக்காரர், கல்லின் நடுவில் நின்று குனிந்து அதன் கனத்தைப் பார்த்துவிட்டு உன்னிடம் கேட்டார்:

"இன்னா தம்பி, இம்மாம் பெரிய கல்லு! இத எப்பிடி கொண்டாந்து வெச்சாங்க? கிரேன் ஏதாச்சும் வந்துச்சா?"

நீ சிரித்தாய். "கிரேன் எங்க மாமா வரப்போவுது இந்த மலைக்கு? இது வாலியர் வெச்சது. அந்தக் காலத்துல மூணு சாண் ஒசரத்துல குள்ள ஆளுங்க இருந்தாங்களாம். மேல காட்டுல அவுங்க கட்டுன கல்லு வூடு கூட கீது. அவுங்க வானத்துலேர்ந்து எறங்கி வந்தவங்கன்னு ஒரு புக்குல போட்டிருக்காங்க. மனுசனால ஆவற வேலையா இது?"

இந்தக் கரையில் நாங்கள் இரண்டு பேரும் நிற்பது உன் கண்ணில் படவில்லையா? பட்டது. என்னைப் பார்த்தாய், உடனே பார்வையைத் தண்ணீர் பக்கம் திருப்பிக்கொண்டாய். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை, பெண் வீட்டாரிடம் பெருமைக்கு ஏதோ கதை விட்டான் என்று நானும் விட்டிருப்பேன். வீட்டுக்கு வந்து பாயில் உட்கார்ந்து பலாச்சுளையும் தேனும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, உரக்கடைக்காரர் உன் அப்பா நொண்டி நொண்டித் தண்ணீர்ச் சொம்பு கொண்டுவருவதைப் பார்த்து, "சம்பந்திக்குக் கால்ல இன்னா?" என்று கேட்டார். நல்ல மனிதர், அக்கறையாகத்தான் கேட்டார். உன் அப்பா பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நீ முந்திக்கொண்டாய். "கரடிங்க மாமா. தேன் எடுக்கப் போன எடத்துல புடிச்சிகிச்சு."

உன் அப்பா உன்னைப் பார்த்தார். சொம்பைக் கீழே வைத்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆமாங்க, பெரிய கரடி" என்றார். வந்தவர்கள் எல்லோரும் 'ச்சு' கொட்டினார்கள். அந்தப் பெண் மட்டும், "அப்பறம் கரடி இன்னா ஆச்சுங்க மாமா?" என்று கேட்டாள். அவருக்கு அதற்கு மேல் கதை தெரியாது. திருதிருவென்று விழித்துவிட்டு, "அது... பூட்ச்சிம்மா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய். நான் அடுப்படியில் போய் நின்றுகொண்டேன்.

கேள், இத்தனைக்கும் பிறகு அவருக்கு உன் மேல் கோபமே இல்லை. அதுதான் என் கோபத்தை இரண்டு பங்காக்குகிறது. "வுடுடி, புள்ள கல்யாணம். கரடின்னா கரடி. இன்னா கொறஞ்சி பூடுச்சு?" என்கிறார். அதோடு நிற்கவில்லை. முந்தாநாள் மாட்டுக் கொட்டகைப் பக்கம் பேச்சுக்குரல் கேட்டது. யாரோடு பேசுகிறார் என்று எட்டிப் பார்த்தால், தனியாக நின்று மாட்டிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். "அப்போ இன்னா ஆச்சின்னா, பொதருக்குப் பின்னால இருந்துச்சிங்க. நான் மரத்துல பாதி ஏறிக்கீறேன்..." கல்யாண மண்டபத்தில் யாராவது கேட்டால் திக்கித் திணறாமல் சொல்லப் பழகுகிறாராம்! சந்தைக்குப் போய் ஒரு ஜோடி கேன்வாஸ் ஷூவும் வாங்கி வந்திருக்கிறார், விரல் இல்லாத இடத்தில் துணியை அடைத்து மறைக்க. தன் கால் எப்படிப் போயிற்று என்பதை இந்த வயதில் ஒரு மனிதர் மாட்டுக்கு முன்னால் நின்று பொய்யாக மனப்பாடம் செய்கிறார், உனக்காக. இது உனக்குத் தெரிய வேண்டும்.

உனக்கு ஒன்றுமே தெரியாது என்றால் நான் இப்படிக் கொதிக்க மாட்டேன். எல்லாம் தெரியும் உனக்கு. இருந்தாலும் சொல்கிறேன், படிக்கும்போது கேட்கப்போகிற மற்றவர்களுக்காகவும் சொல்கிறேன். உனக்குப் பின்னால் எனக்கு ஒரு பெண் பிறந்தாள். பிறந்தாள் என்றா சொல்வது? நீ அப்போது கீழே ஹாஸ்டலில் இருந்தாய். வலி கண்டதும் என்னை டோலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடைக் கரை வரை வந்துவிட்டார்கள். ஓடையில் வெள்ளம். அக்கரை கண்ணுக்கு எதிரில் தெரிகிறது, கூப்பிட்டால் கேட்கும் தூரம். தண்ணீர் வடியட்டும் என்று டோலியை இறக்கி வைத்துவிட்டு எல்லோரும் நனைந்துகொண்டு நின்றார்கள். தண்ணீர் வடியவில்லை. அந்தக் கரையிலேயே, ஒரு கம்பளியைப் பிடித்து மறைப்புக் கட்டி, நான் பெற்றேன். அவள் அழவே இல்லை. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னால் முடியாது.

அந்தக் காரியம் முடிந்த கையோடு உன் அப்பா பாலம் கேட்டுக் கீழே நடையாக நடந்தார். ஒரு ஓவர்சியர் வந்து பார்த்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், இருப்பதைத்தான் சொன்னார். "இந்த எடத்துக்கு சிமென்ட் மூட்ட ஏறாது, கிரேன் ஏறவே ஏறாது. ரோடு வந்தா பாலம் வரும், அதுவரைக்கும் பொறுத்துக்கங்க" என்று களியைத் தின்றுவிட்டுப் போனார். ரோடு இதோ இன்று வரை வரவில்லை, ஜீப் மட்டும் இப்போது காட்டுத் தடத்தில் அக்கரை வரை ஏறி வருகிறது. எமர்ஜென்சிக்கு முந்தின கோடையில், ஓடை வறண்டு கிடந்த சமயம், உன் அப்பா ஊர்க்கூட்டத்தில் எழுந்து, ஓடைக்கு மேலே கிடக்கிற பாறையிலிருந்து ஒரே கல்லாகப் பெயர்த்துக் குறுக்கே போட்டுவிடலாம் என்றார். சிரித்தார்கள். உன் தாய்மாமன், என் கூடப் பிறந்த அண்ணன், அவர்தான் ரொம்பச் சிரித்தார். "மாப்ள, வாலியருங்களுக்கு கடுதாசி போட்டுப் பாரேன், வந்து தூக்கி வெப்பாங்க!" என்றார். அன்றைக்கு அவர் வாயிலும் வாலியர்தான் இருந்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை.

அந்த வாலியர் வீடுகளைத்தான் உன் அப்பா போய்ப் பார்த்துக்கொண்டு கிடந்தார். நீயும் சின்ன வயதில் உள்ளே புகுந்து விளையாடியிருக்கிறாய். மூன்று பக்கம் பலகைக் கல், மேலே கூரையாக ஒரு பெரிய பலகைக் கல். பார்க்கிறவர்கள் எல்லோரும் கூரையைப் பார்த்துத்தான் வாய் பிளப்பார்கள். இவர் தரையைப் பார்த்தார். ஒவ்வொரு வீட்டையும் சுற்றித் தோளுயரத்துக்கு மண் மேடு, அதைச் சுற்றி மண் சரியாமல் வட்டமாக அடுக்கிய உருண்டைக் கல். வந்து என்னிடம் சொன்னார்: "தூக்கவே இல்லடி அவுங்க. மண்ணக் கொட்டி மேடு பண்ணி, மேட்டு மேல கல்ல இழுத்துக்கினு போய் வெச்சிட்டு, அப்பறம் மண்ணத் தோண்டிக்கீறாங்க. பாதி மண்ண எடுக்கல, சோம்பேறிங்க." சரியோ தப்போ, அவர் யோசனை அது. உடனே எல்லோரும் ஆஹா என்று கிளம்பிவிடவில்லை. சண்டை போட்டார்கள், ஆளுக்கொன்று சொன்னார்கள், சொன்னதில் பாதி பலிக்கவில்லை. பாறை மேல் கோடு போட்ட மாதிரி விறகு அடுக்கித் தீ மூட்டி, கல் பழுத்த பிறகு பெண்கள் எல்லோரும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினோம். முதல் கல் நடுவிலேயே இரண்டாகப் போயிற்று. அடுத்த கல்தான் முழுசாகப் பெயர்ந்தது. அது பெயர்ந்த சத்தத்தில் ஊர் நாய்கள் எல்லாம் காட்டுக்குள் ஓடிவிட்டன.

அதை இறக்கியது பெரிய கூத்து. இழுப்பது கஷ்டம் என்று நினைத்தோம், சரிவில் பிடித்து நிறுத்துவதுதான் கஷ்டம் என்று கல் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. கற்றாழை நாரில் வடம் திரித்து, பின்பக்கம் கட்டி, மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். கீழே உருட்டுக்கட்டைகள். பின்னால் கழலும் கட்டையை எடுத்து முன்னால் போட ஆள். ஓடை குறுகி இரண்டு கரையும் பாறையாக இருக்கும் இடத்தைப் பார்த்து, அந்த வறண்ட பள்ளத்தைப் புதரும் உருண்டைக் கல்லும் செம்மண்ணும் கொட்டிக் கரை மட்டத்துக்கு நிரப்பினோம். கூடை கூடையாகக் கொட்டியது நாங்கள்தான், பெண்கள். என் உச்சந்தலையில் அன்று போன முடி திரும்ப முளைக்கவில்லை. நிரப்பிய மண் மேல் கல்லை இழுத்து அக்கரைப் பாறையில் முனையை ஏற்றிவிட்டால் போதும். மண்ணை எடுக்கிற வேலையை மழை பார்த்துக்கொள்ளும். இதுதான் திட்டம். இதில் வானத்திலிருந்து இறங்கி வந்தவன் எவன் என்று நீயே சொல்.

இனிமேல் சொல்லப்போவதை ஊரில் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. ஊர் வேலை எதுவானாலும் காளியம்மனுக்குக் கூழும் மஞ்சள் தண்ணீரும் ஊற்றித்தான் நம் ஊரில் கடைசி நாள் வேலை தொடங்குவார்கள், உனக்குத் தெரியும். வீட்டுக்கு ஒரு பானை. ஒரு வீட்டுப் பானையை ஊற்றாமல் விட்டால் அந்த வீட்டை ஊரை விட்டுத் தள்ளியதாக அர்த்தம். எப்போதும் கோயில் வாசலில்தான் ஊற்றுவார்கள். அன்றைக்கு ஊர்க்கவுண்டருக்குப் பக்தி பொங்கிவிட்டது. "ஆத்தா கல்லுக்கு முன்னால நடந்து போவட்டும், கல்லு எதுர்லயே ஊத்துங்க" என்றார். ஒரு பானை ஊற்றியிருந்தால் அம்மன் சந்தோஷமாக நடந்து போயிருப்பாள். எந்த வீட்டை விடுவது? எல்லா வீட்டுப் பானையும் அந்தப் புதுச் செம்மண் மேல் இறங்கியது. நம் வீட்டுப் பானையும் அதில் உண்டு. இழுக்க ஆரம்பித்ததும் கட்டை வழுக்கியது, கல் ஒரு பக்கமாகச் சறுக்கியது, அந்தப் பக்கம் கட்டையை நெம்பிக்கொண்டிருந்தது உன் அப்பா. இன்று வரை ஒவ்வொரு வீடும் தன் பானைத் தண்ணீர் கல்லுக்கு மறுபக்கம்தான் போனது என்று சாதிக்கிறது.

கல்லுக்கு அடியில் பாதம் மாட்டி அவர் கத்தினார். நான் வடத்தில் நின்றுகொண்டிருந்தேன். என்னால் ஓட முடியவில்லை. இது உனக்குப் புரிகிறதா? வடத்தில் இருந்த ஒரு கை விட்டாலும் கல் மொத்தமாக அவர் மேல் சாய்ந்துவிடும். புருஷன் கண்ணெதிரில் கிடந்து அலறுகிறான், நான் அவனைப் பார்க்காமல் எனக்கு முன்னால் நிற்கிறவளின் முதுகைப் பார்த்துக்கொண்டு, காலை மண்ணில் ஊன்றி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். ஒருவரும் விடவில்லை. உள்ளங்கைத் தோல் உரிந்து நார் சிவந்துபோனது, அப்போதும் விடவில்லை. உன் மாமன் கையில் அந்தத் தழும்பு இருக்கிறது, சின்ன வயதில் நீ தடவிப் பார்த்துக் கேட்டிருக்கிறாய். நெம்புகட்டை போட்டு அவரை வெளியே இழுத்ததும் உன் அப்பா செய்த முதல் காரியம், அம்மன், ஊர்க்கவுண்டர், பூசாரி, பானை, பானை செய்த குயவன் எல்லோரையும் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்ததுதான். எனக்குத் தெம்பே அதைக் கேட்டுத்தான் வந்தது.

மறுநாள் சாம்பலும் மணலும் தூவி, அவர் இல்லாமலே கல்லை அக்கரை சேர்த்தார்கள். பச்சிலை கட்டியும் கால் ஆறவில்லை, கறுத்துப்போய் நாறத் தொடங்கியது, காய்ச்சல் ஏறியது. அதற்குள் மழையும் பிடித்துக்கொண்டது. மேலேயிருந்து வெள்ளம் வந்து, நாங்கள் மாய்ந்து மாய்ந்து கொட்டிய மண்ணையெல்லாம் வழித்து எடுத்துக்கொண்டு போயிற்று. கல் அசையவில்லை. ஊரே இரண்டு கரையிலும் நின்று பார்த்தது. அடியில் தண்ணீர் ஓடுகிறது, மேலே கல் கிடக்கிறது. அந்தக் கல்லை முதல்முதலாகக் கடந்தது உன் அப்பாவின் டோலி. என்னை இறக்கி வைத்த அதே இடத்தில் நிற்காமல், தயங்காமல், அவரைத் தூக்கிக்கொண்டு கல் மேல் நடந்து அக்கரை போனார்கள். அமிர்திக்கு இறங்கி, பஸ் பிடித்து, வேலூர் ஆஸ்பத்திரியில் பாதத்தில் பாதியை எடுத்து உயிரைக் காப்பாற்றினார்கள். காலை வாங்கியதும் அந்தக் கல், ஆளைக் கொடுத்ததும் அந்தக் கல். நீ ஹாஸ்டலிலிருந்து ஓடி வந்து கட்டுப் போட்ட காலைப் பிடித்துக்கொண்டு அழுதாயே, அப்போது எந்தக் கரடி வந்திருந்தது?

நீ காலேஜில் சேர்ந்த வருஷம் தீபத்துக்குத் திருவண்ணாமலை போனோம், ஞாபகம் இருக்கிறதா? ராஜகோபுரத்துக்கு அடியில் கூட்டம் நம்மை நெருக்கித் தள்ளுகிறது. எல்லோரும் அண்ணாந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். பக்கத்தில் ஒருத்தி, "இதெல்லாம் பூதம் ஒரே ராத்திரில கட்டுனதும்மா" என்று தன் பிள்ளைக்குச் சொன்னாள். உன் அப்பா நிலைவாசல் கல்லைக் கையால் தடவிக்கொண்டே, "இதுல எத்தினி பேருக்குக் காலு பூட்ச்சோ, தெரியலியே" என்றார். நீ வெட்கப்பட்டுக்கொண்டு, "சத்தமா பேசாதப்பா, எல்லாரும் பாக்கறாங்க" என்று அவர் சட்டையை இழுத்தாய். அன்றைக்கே நான் விழித்துக்கொண்டிருக்கலாம். அந்த இடத்தில் எனக்கு இரண்டும் ஒன்றாகப் பட்டது, அவள் சொன்ன பூதமும் நீ இழுத்த சட்டையும்.

பூதம் கட்டியது என்று சொல்வது எவ்வளவு சவுகரியம் பார். பூதத்துக்குக் கால் நசுங்காது. பூதத்துக்குப் பெண்டாட்டி இல்லை, அவள் வடத்தைப் பிடித்துக்கொண்டு அழ முடியாமல் நிற்க வேண்டியதில்லை. பூதத்தை யாரும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக வேண்டாம், நினைத்துப் பார்க்கவும் வேண்டாம். ஆள்கள் கட்டினார்கள் என்றால் யார் அந்த ஆள்கள், அவர்கள் என்ன ஆனார்கள், அவர்கள் பிள்ளைகள் எங்கே என்ற கேள்வி வரும். உன் புத்தகக்காரன் வானத்திலிருந்து ஆளை இறக்குவதும் அதற்காகத்தான். மெஷின் இல்லாமல் மனிதனால் ஆகாது என்கிறாயே, எது ஆகாது? பசி இருக்கிறது, மழைக்கு முன்னால் முடிக்க வேண்டிய அவசரம் இருக்கிறது, கரையில் செத்த குழந்தை இருக்கிறது. இவையெல்லாம் சேர்ந்தால் கல் நகரும். நகர்ந்ததை நான் பார்த்தேன்.

போன மாதம் பால்வாடிப் பிள்ளைகளை ஓடைப் பக்கம் கூட்டிப் போனேன். ஒரு வாண்டு கல்லைக் காட்டி, "டீச்சர், இது வாலியர் வெச்சதாமே?" என்று கேட்டது. யார் சொன்னார்கள் என்றேன். பெரிய பையன்கள் சொன்னார்களாம். அந்த வாண்டின் அப்பனே வடம் இழுத்தவன்! இழுத்தவர்கள் எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள், கல்லின் பக்கவாட்டில் தீயின் கரி இன்னும் இருக்கிறது, அதற்குள் வாலியர் வந்துவிட்டார்கள். அன்றைக்கு நான் அதைப் பிள்ளைப் பேச்சு என்று விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை உன் வாயிலிருந்து அதே பேச்சு வந்தபோதுதான் எனக்கு மேல் காட்டு வீடுகள் யார் கட்டியவை என்று விளங்கியது. அவர்கள் குள்ளர்களே இல்லை. உன் அப்பா உயரம்தான் இருந்திருப்பார்கள். பெண் வீட்டார் எதிரில் அப்பனைச் சொல்ல வெட்கப்பட்ட மகன்கள் கதை கட்டிக் கட்டி, அவர்களை மூன்று சாணாகக் குறுக்கிவிட்டார்கள்.

உன் வெட்கம் எனக்குப் புரியாமல் இல்லை. வேலூரில் ஆபீஸ் வேலை, பேன்ட் சட்டை, உரக்கடைச் சம்பந்தம். அவர்களிடம் என் அப்பனும் ஆத்தாளும் மாடு மாதிரி கயிறு கட்டிக் கல் இழுத்தார்கள் என்று சொன்னால் கூலிக்காரப் பிள்ளை என்று நினைப்பார்களோ என்று பயம். கரடி என்றால் வீரம், வாலியர் என்றால் அதிசயம், கல் இழுத்தவன் என்றால் கூலி. அப்படித்தானே? நான் உனக்குப் புத்தி சொல்ல வேண்டும் என்றால் ஒன்றுதான் சொல்வேன். அந்தப் பெண் நாளைக்கு இந்த ஓடையைக் கடந்து என் வீட்டுக்கு வரப்போகிறவள். பிரசவ வலி கண்டால் அந்தக் கல் மேல்தான் அவளையும் தூக்கிப் போக வேண்டும். அந்தக் கல்லை யார் எதற்குப் போட்டார்கள் என்று அவளுக்குத் தெரியாமல் அவளை அதன் மேல் நடக்க வைக்காதே. கல்யாணத்துக்கு முன்பே பொய் சொல்லி ஒருத்தியை அழைத்து வந்தால், பிறகு வீட்டில் எல்லோரும் அந்தப் பொய்க்கு வேலை செய்ய வேண்டியிருக்கும். உன் அப்பா ஏற்கெனவே மாட்டுக் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்.

இதுவரைக்கும் எழுதிவிட்டு இன்று சாயங்காலம் பால்வாடி வாசலில் படித்தேன். எல்லோரும் வந்திருந்தார்கள். பானை வருகிற இடத்தில் ஒரே சலசலப்பு. "எங்க வூட்டுத் தண்ணி அந்தாண்ட தான் போச்சு, அத்த எழுது!" என்று ஊர்க்கவுண்டர் மருமகள் எழுந்து நின்றுகொண்டாள். எழுதிவிட்டேன், போதுமா? உன் மாமன் கடைசி வரை உட்கார்ந்து கேட்டார். முடித்ததும் தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்துவிட்டு, "அவனுக்கு ஒண்ணு சேத்து எழுது. வாலியரு வருத்தமா கீறாரு, கல்யாணத்துல சீரு தட்டு தூக்கறதுக்கு ஒசரம் பத்துமான்னு கேக்கறாருன்னு எழுது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே அவர் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன். உன் அப்பா மட்டும் வாசலுக்கு வரவில்லை. "இன்னாத்துக்கு புள்ளய ஊரு முன்னால நிக்க வெக்கிற?" என்று என்னைத் திட்டிவிட்டு மாட்டைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். அவர் திரும்பி வருவதற்குள் அந்தக் கேன்வாஸ் ஷூ இரண்டையும் கொண்டுபோய் ஓடையில் வீசிவிட்டேன்.

தை மாதம் கல்யாணம். நாங்கள் வருவோம். உன் அப்பா வெறுங்காலோடுதான் வருவார். அந்தக் கல் மேல் எனக்கு முன்னால் நடந்து, ஜீப் ஏறி, கணியம்பாடி மண்டபத்துக்குள் நொண்டிக்கொண்டுதான் நுழைவார். யாராவது ஒருவர் அந்தக் காலைப் பார்த்து என்ன ஆயிற்று என்று கேட்கத்தான் கேட்பார். அப்போது அவர் வாயைத் திறக்க மாட்டார், நான் அவர் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பேன். நானும் பேச மாட்டேன். நீ சொல்வதற்காகக் காத்திருப்பேன். கல் என்று நீ சொன்னால், இந்தக் கடிதத்தில் திட்டியதெல்லாம் அந்த நிமிஷமே தீர்ந்துபோகும், உன்னைப் பெற்றவளாக மணவறைக்குப் பக்கத்தில் வந்து நிற்பேன். கரடி என்று சொன்னால், அவரை அப்படியே திருப்பி அழைத்துக்கொண்டு மலையேறிவிடுவேன். உனக்கு மாலை எடுத்துக் கொடுக்க அந்தக் கரடியையே கூப்பிட்டுக்கொள்.